‘வேர் கேன் ஐ’, ‘வேர் ஐ கேன்’: எது எங்கே சரி?

கானாடுகாத்தானில் பழைய வீடுகளைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் கார்க் கண்ணாடியை இறக்கி, "வேர் கேன் ஐ பார்க்?" என்று கேட்கிறார். பின்னாலேயே வந்த இன்னொருவர், "கேன் யூ டெல் மி வேர் ஐ கேன் பார்க்?" என்கிறார். வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பதுதான் இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். ஆனால் ஒருவர் ‘கேன் ஐ’ என்றார், மற்றவர் ‘ஐ கேன்’ என்றார். இரண்டுமே சரி. ஒருவர் சொன்ன வரிசையை மற்றவர் வாக்கியத்தில் கொண்டுபோய் வைத்தால்தான் தப்பு.

காரைக்குடிப் பக்கம் ஆங்கிலம் பேசப் பழகும் பிள்ளைகளிடம் நான் அதிகம் கேட்கும் தடுமாற்றம் இதுதான். அது இரண்டு கட்டமாக வருகிறது. ஆரம்பத்தில், "வேர் ஐ கேன் பார்க்?", "வென் யூ வில் கம்?" என்று நேர்க் கேள்வியையும் சாதாரண வாக்கியம் மாதிரியே சொல்கிறார்கள். திருத்தித் திருத்தி, "திருப்பிப் போடு, திருப்பிப் போடு" என்று சொல்லிக் கொடுத்த பிறகு அடுத்த கட்டம் வருகிறது. இப்போது எல்லா இடத்திலும் திருப்பிப் போடுகிறார்கள்: "ஐ டோன்ட் நோ வேர் கேன் யூ பார்க்." அதாவது, திருப்ப வேண்டிய இடத்தில் திருப்புவதில்லை, திருப்பக் கூடாத இடத்தில் திருப்பிவிடுகிறோம். இதற்குக் காரணம் புத்திக் குறைவு இல்லை. தமிழில் எந்த இடத்திலும் திருப்பும் வேலையே கிடையாது. அதனால் எப்போது திருப்புவது, எப்போது விடுவது என்ற உணர்வு நமக்குத் தானாக வராது. சொல்லிக்கொடுத்துத்தான் வர வேண்டும்.

முதலில் நம் கையில் இருக்கும் சொற்களைப் பார்த்துக்கொள்வோம். இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்விச் சொற்கள் நான்கு: வென், வேர், வொய், ஹவ். நம்முடைய எப்போது, எங்கே, ஏன், எப்படி. ஆளைக் குறிக்கும் மூவிடப்பெயர்கள் ஏழு: ஐ, யூ, ஹீ, ஷீ, இட், வீ, தே. மூன்றாவதாக, ஆங்கில இலக்கணத்தில் மோடல் என்று சொல்லப்படும் துணைவினைகள் ஒன்பது: கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். (இங்கே வரும் குட், கேனுக்கு அண்ணன் தம்பி மாதிரியான சொல். குட் மார்னிங்கில் வரும் குட் இல்லை.) நான்கை ஏழாலும் ஒன்பதாலும் பெருக்கினால் 252. இத்தனை விதமாக ஒரு கேள்வியைத் தொடங்கலாம். திருப்பிப் போட்ட வரிசை, திருப்பாத வரிசை என்று இரண்டையும் எண்ணினால் 504. மனப்பாடம் செய்ய நினைத்தால் மலைப்பாக இருக்கும். ஒன்றைக்கூட மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வரிசை இரண்டுதான், அது பிடிபட்டால் 504-ம் தானாக வரும். இந்த 252-ல் சில பேச்சில் அநேகமாக வருவதே இல்லை என்பதும் ஒரு வசதி.

மூவிடப்பெயரில் ஒரு சின்ன விஷயம் முதலில் தெளிவாக வேண்டும். தமிழில் ‘நான் போகலாம்’ என்கிறோம், ‘என்னால் போக முடியும்’ என்கிறோம், ‘எனக்கு வீட்டுக்குப் போகணும்’ என்றும் சொல்கிறோம். வினையின் பின்னால் ஒட்டும் சொல்லைப் பொறுத்து நான், என்னால், எனக்கு என்று ஆள் வேஷம் மாறுகிறது. ஆங்கிலத்தில் மோடல் எதுவாக இருந்தாலும் ஆளுக்கு ஒரே வடிவம்தான்: ஐ கேன் கோ, ஐ மே கோ, ஐ மஸ்ட் கோ. ‘என்னால்’ என்று மனதுக்குள் ஓடுவதால் "ஹவ் கேன் மி கோ?" என்று வாயில் வந்துவிடக் கூடாது. கேள்வியிலும் ஐ, ஹீ, ஷீ, வீ, தே தான். மி, ஹிம், ஹெர், அஸ், தெம் இந்த இடத்துக்கு வரவே வராது. யூ, இட் இரண்டுக்கும் எங்கேயும் ஒரே வடிவம் என்பதால் அங்கே சிக்கல் இல்லை.

மோடலில் தமிழே நமக்குக் கை கொடுக்கிறது. போகிறேன், போகிறாள், போகிறார்கள் என்று ஆளுக்கு ஏற்ப வினை முடிவு மாறும். ஆனால் ‘போகலாம்’ மாறாது. நான் போகலாம், ஆச்சி போகலாம், பிள்ளைகள் போகலாம், எல்லாருக்கும் அதே ‘லாம்’. ‘போகணும்’, ‘போகக்கூடாது’ ஆகியவையும் அப்படித்தான். ஆங்கில மோடலும் இதே குணம்தான். ஷீ கோஸ் என்று ‘ஸ்’ சேர்த்துச் சொல்லும் ஆங்கிலம், ஷீ கேன் என்று நிறுத்திக்கொள்ளும். ஷீ கேன்ஸ் என்று ஒரு சொல் கிடையாது. மோடலுக்குப் பின்னால் வரும் வினையும் வெறும் வினையாக இருக்கும்: ஷீ கேன் கோ. கேன் கோஸ், கேன் வென்ட், கேன் டு கோ எல்லாம் தப்பு. மோடலை அடுத்து இன்னொரு மோடலும் வராது. வில் கேன் என்று சொல்ல முடியாது. ‘என்னால் முடியும்’ என்பதை நாளைக்குத் தள்ள வேண்டுமென்றால் ‘வில் பி ஏபிள் டு’ என்று சுற்றித்தான் போக வேண்டும்.

ஒரு வித்தியாசம் மட்டும் பெரியது. நம் ‘லாம்’ வினையோடு ஒட்டிப் பிறந்தது. நிறுத்தலாம் என்பதிலிருந்து ‘லாம்’ மட்டும் கழன்று வாக்கியத்தின் முன்னால் போய் நிற்காது. ஆங்கில மோடல் தனிச் சொல். அதனால் அது எழுந்து இடம் மாற முடிகிறது. திருப்பிப் போடுதல் என்று நாம் சொல்வது மோடலின் இந்த இடமாற்றத்தைத்தான்.

சரி, திருப்பிப் பார்ப்போம். "யூ கேன் பார்க் ஹியர்." நீங்கள் இங்கே நிறுத்தலாம். ‘ஹியர்’ எங்கே என்பது தெரியாது, அதைத்தான் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ‘வேர்’ போட்டு, அதை முன்னால் கொண்டுவருகிறோம். இப்போது "வேர் யூ கேன் பார்க்" என்று நிற்கிறது. தமிழ்க்காரர் பலர் நிறுத்திவிடும் இடம் இது. இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. யூ, கேன் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும்: "வேர் கேன் யூ பார்க்?" நேர்க் கேள்வி என்றால் கேள்விச் சொல், மோடல், ஆள், வினை. இந்த வரிசை மாறாது.

மோடலோ, இஸ், ஹாஸ் மாதிரியான துணைவினையோ இல்லாத வாக்கியமாக இருந்தால் முன்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொல் இல்லாமல் போகும். அப்போது ‘டூ’ என்ற சொல்லைக் கடன் வாங்கி அந்த இடத்தில் வைக்கிறார்கள்: "வேர் டூ யூ லிவ்?" பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் சாதாரண வினையே முன்னால் தாவி வந்தது. இன்றைய ஆங்கிலத்தில் துணைவினைதான் தாவும். மோடல் இருந்தால் ‘டூ’ வேண்டாம். "வேர் டூ யூ கேன் பார்க்?" என்று இரண்டையும் போடக் கூடாது.

இதை ஆத்தங்குடிக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். அங்கே தளக்கல் செய்யும் இடத்தில் வேலை கண்ணாடியில் தொடங்குகிறது. கண்ணாடித் துண்டின் மேல் பூ வடிவம் வெட்டிய உலோக அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்றுவார்கள். அச்சை மெல்ல மேலே தூக்கினால் வண்ணங்கள் ஒன்றோடு ஒன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அதன் மேல் உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, பிறகு சாந்து போட்டு நிரவி விடுவார்கள். இறுகியதும் தண்ணீரில் ஊற வைத்துக் காய வைப்பார்கள். கடைசியில் கண்ணாடியை எடுத்தால், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் பளபளப்பான மேல்பக்கம். சூளை கிடையாது.

இதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு எத்தனை கேள்வி வரும்! "வேர் ஷுட் ஐ ஸ்டாண்ட்?" வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் நான் எங்கே நிற்பது? "வென் கேன் யூ ரிமூவ் த கிளாஸ்?" கண்ணாடியை எப்போது எடுக்கலாம்? "வொய் மஸ்ட் இட் ஸ்டே இன் வாட்டர்?" அது ஏன் தண்ணீரில் கிடக்க வேண்டும்? "ஹவ் வில் தே ரீச் சென்னை?" அவை எப்படிச் சென்னைக்குப் போய்ச் சேரும்? நான்கு கேள்விச் சொல், நான்கு மோடல், ஆளும் பொருளுமாக நான்கு மூவிடப்பெயர். வரிசை மட்டும் நான்கிலும் ஒன்றுதான். நீங்கள் செய்யும் வேலை எதுவோ, அதைப் பற்றி வாடிக்கையாளர் கேட்கக்கூடிய கேள்விகளை இப்படி நான்கு நான்காகச் சொல்லிப் பழகினால் வரிசை நாக்கில் உட்கார்ந்துவிடும். புத்தகத்தில் வரும் ராமு, சோமு வாக்கியங்களைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

எந்த மோடலைப் போடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் ‘லாம்’ மூன்று வேலை செய்கிறது. ‘இங்கே நிறுத்தலாம்’ என்றால் அனுமதி. ‘மழை வரலாம்’ என்றால் வந்தாலும் வரும் என்ற ஊகம். ‘வா, போகலாம்’ என்றால் அழைப்பு. ஆங்கிலத்தில் இந்த மூன்றும் மூன்று ஆட்களிடம் பிரிந்து கிடக்கின்றன. அனுமதிக்கு கேன், மரியாதை கூட வேண்டுமென்றால் மே. ஊகத்துக்கு மே, மைட். சேர்ந்து செய்வதற்கு யோசனை கேட்கும்போது ஷல்.

அதனால் ‘எங்கே சாப்பிடலாம்?’ என்ற ஒரே கேள்வி, இடத்தைப் பொறுத்து இரண்டாகப் பிரியும். ஊருக்குப் புதியவர்கள், இந்த ஊரில் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று அறிய, "வேர் கேன் வீ ஈட்?" என்பார்கள். நண்பர்கள் இரண்டு பேர், எந்தக் கடைக்குப் போவது என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது "வேர் ஷல் வீ ஈட்?" என்பார்கள். ஷல் இப்படிக் கேள்வியில் வரும்போது ஐ, வீ இரண்டோடுதான் இயல்பாக ஒட்டும். அமெரிக்கர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் ஷுட் போட்டு, "வேர் ஷுட் வீ ஈட்?" என்பார்கள். ஊகப் பொருளில் வரும் மே, மைட் இரண்டும் நேர்க் கேள்வியில் அபூர்வம். அவை வருவது அநேகமாக உள்கேள்வியில், அதாவது இன்னொரு வாக்கியத்துக்குள் உட்காரும் கேள்வியில். அதைப் பற்றிப் பிறகு.

விருந்தினரிடம் பேசுகிறவர்கள் வில், வுட் வித்தியாசத்தை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். "வென் வில் யூ ஈட்?" என்பது இலக்கணத்தில் தப்பில்லை. ஆனால் ‘எப்பச் சாப்பிடுவ?’ என்கிற தோரணை அதில் இருக்கிறது. "வென் வுட் யூ லைக் டு ஈட்?" என்றால் ‘எப்பச் சாப்பிடுறீங்க, எடுத்து வைக்கவா?’ என்று இலை போடுவதற்கு முன் நம் வீடுகளில் கேட்கிற கேட்பு. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பிரிவு இல்லை, எல்லாருக்கும் யூதான். நாம் ‘ங்க’ போட்டுக் காட்டும் மரியாதையை அவர்கள் பெரும்பாலும் மோடலில் வைத்துக் காட்டுகிறார்கள். கேன் என்பதைவிட குட், வில் என்பதைவிட வுட் பணிவானது. "ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?" நன்றாக இருக்கும். "ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?" இன்னும் கொஞ்சம் சம்பிரதாயமானது, வரவேற்பு மேசைக்குப் பொருந்தும்.

இதற்கு நேர்மாறாக, வொய் சேரும்போது கவனம் வேண்டும். "வொய் ஷுட் ஐ பே நவ்?" என்றால் ‘நான் ஏன் இப்பக் கட்டணும்?’ என்று மல்லுக்கு நிற்கிற குரல். தமிழிலும் அந்த வாக்கியத்துக்கு அதே குரல்தான், யோசித்துப் பாருங்கள். "வொய் மஸ்ட் ஐ ரிமூவ் மை ஷூஸ்?" என்பதும் சலிப்பாகக் கேட்கும். உண்மையாகவே காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம் என்றால் மோடலை விட்டுவிட்டு, "வொய் டூ வீ ரிமூவ் அவர் ஷூஸ் ஹியர்?" என்பது இதம். மேலே தண்ணீரில் கிடக்கும் கல்லைப் பற்றிக் கேட்டதில் மஸ்ட் உறுத்தவில்லை, ஏனென்றால் அங்கே இட் என்பது கல். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. மூவிடப்பெயர் மாறினால் மோடலின் குரலே மாறிவிடுகிறது. "ஹவ் குட் யூ!" என்ற மூன்று சொல்லும் அப்படித்தான். அது கேள்வி மாதிரி இருந்தாலும் பதில் எதிர்பார்க்காது. ‘உனக்கு எப்படி மனசு வந்துச்சு?’ என்கிற ஆற்றாமை அது.

இனி, அதிகம் இடறும் இடத்துக்கு வருவோம்.

‘எங்கே நிறுத்தலாம்?’ என்பது நேர்க் கேள்வி. ‘எங்கே நிறுத்தலாம் என்று தெரியவில்லை’ என்பதில் அந்தக் கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தமிழில் கேள்வியைத் தொடாமல் அப்படியே வைத்து, பின்னால் ‘என்று’ ஒட்டினால் போதும். பேச்சில் ‘நிறுத்தலாம்னு’. இந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்திலும் "வேர் கேன் ஐ பார்க்" என்பதை அப்படியே எடுத்து "ஐ டோன்ட் நோ"வுக்குப் பின்னால் வைக்கிறோம். ஆங்கிலம் அதை ஏற்காது. உள்ளே போகும் கேள்வி, சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்ப வேண்டும்:

"ஐ டோன்ட் நோ வேர் ஐ கேன் பார்க்."

காரணம் எளிது. ஆங்கிலத்தில் மோடலை முன்னால் கொண்டுவருவது, ‘இதோ கேட்கிறேன், பதில் சொல்’ என்பதற்கான அடையாளம். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று நான் சொல்லும்போது நான் எதையும் கேட்கவில்லை, என் நிலையைச் சொல்கிறேன். கேட்காத இடத்தில் அந்த அடையாளத்துக்கு வேலை இல்லை. "ஐ நோ வென் ஷீ வில் கம்" என்பதில் கேள்வியே இல்லை, பதில்கூட எனக்குத் தெரியும். பிறகு எதற்குத் திருப்ப வேண்டும்?

அப்படியானால் "கேன் யூ டெல் மி" என்று தொடங்கினால்? அது கேள்விதானே? ஆமாம், அதனால்தான் அங்கே ‘யூ கேன்’ திரும்பி ‘கேன் யூ’ ஆகிவிட்டது. ஒரு வாக்கியத்தில் ஒரு தடவை திருப்பினால் போதும், அது வெளி வாக்கியத்தில் முடிந்துவிட்டது. உள்ளே இருப்பது நேராகவே நிற்கும்: "கேன் யூ டெல் மி வேர் ஐ கேன் பார்க்?" இந்த நுட்பம் தெரியாமல், நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் உள்ளே ஒரு தடவை திருப்பிவிடுகிறார்கள். கேட்கிறவருக்குப் புரியாமல் போகாது. ஆனால் நேர்முகத் தேர்விலும் எழுத்துத் தேர்விலும் மதிப்பெண் குறையும் இடம் இது.

மோடல் இல்லாத கேள்விக்கும் இதே கதைதான். "வேர் இஸ் த பாத்ரூம்?" என்பது உள்ளே போனால் "கேன் யூ டெல் மி வேர் த பாத்ரூம் இஸ்?" ஆகும். ‘இஸ்’ கடைசியில் தொங்குவது நம் காதுக்கு வினோதமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. "வேர் டூ யூ லிவ்?" உள்ளே போனால் கடன் வாங்கிய ‘டூ’வைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்: "டெல் மி வேர் யூ லிவ்."

உள்கேள்வியை வாசலிலேயே அடையாளம் காணலாம். டெல் மி, ஐ டோன்ட் நோ, டூ யூ நோ, ஐ வொண்டர், ஐ ஆம் நாட் ஷுர், ஆஸ்க் ஹிம். இந்த மாதிரி ஒன்று முன்னால் வந்து, அதன் பின்னால் வென், வேர், வொய், ஹவ் வந்தால், உடனே ஆள், பிறகு மோடல். அபூர்வம் என்று மேலே சொன்ன மைட் இங்கேதான் சகஜமாக வரும்: "ஐ டோன்ட் நோ வென் ஹீ மைட் கம்." அவர் எப்போது வருவாரோ தெரியவில்லை. நம் ‘ஓ’ செய்யும் வேலையை அங்கே மைட் செய்கிறது.

இன்னும் சுருக்கமான வழி ஒன்று உண்டு, தமிழிலும் அதற்கு அச்சாக ஒன்று இருக்கிறது. ‘எங்க போறதுன்னு தெரியல’ என்கிறோமே, அதில் நான் என்ற ஆளும் இல்லை, லாம், ணும் எதுவும் இல்லை. வெறும் ‘போறது’. ஆங்கிலத்தில் "ஐ டோன்ட் நோ வேர் டு கோ." ஆளையும் மோடலையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ‘டு’. ஹவ் டு கோ, வென் டு கோ, வேர் டு கோ மூன்றும் சொல்லலாம். வொய்க்கு மட்டும் இந்தச் சுருக்கம் ஒத்துவராது. "ஐ டோன்ட் நோ வொய் டு கோ" என்று யாரும் சொல்வதில்லை. "வொய் ஐ ஷுட் கோ" என்று முழுதாகத்தான் சொல்ல வேண்டும். எந்த வரிசை என்று குழம்பும்போது தொடக்கக்காரர்கள் இந்த ‘டு’ வழியில் தப்பித்துக்கொள்ளலாம், அதில் திருப்பும் பேச்சே இல்லை.

மறுப்பு சேர்ந்தால் மோடலோடு ஒட்டிக்கொண்டே நகரும். பல வீடுகளில் பூஜை அறையைப் படம் எடுக்க விடமாட்டார்கள். "வொய் கான்ட் வீ டேக் போட்டோஸ் ஹியர்?" என்று கேட்டால், "ஐ வில் டெல் யூ வொய் யூ கான்ட்" என்று பதிலைத் தொடங்கலாம். கேள்வியில் கான்ட் வீ, பதிலில் யூ கான்ட். வரிசை திரும்பியதோடு வீ யூ ஆகிவிட்டதையும் கவனியுங்கள்.

வென் என்ற சொல்லில் தனியாக ஒரு பள்ளம் இருக்கிறது. அது கேள்விச் சொல் மட்டும் இல்லை, ‘போது’, ‘ததும்’ என்ற பொருளிலும் வரும். இந்த இரண்டு வாக்கியத்தையும் பாருங்கள்.

"டெல் மி வென் ஹீ வில் கம்."
"டெல் மி வென் ஹீ கம்ஸ்."

முதலாவது, ‘அவர் எப்போது வருவார் என்று சொல்’. எனக்கு மணி தெரிய வேண்டும். இரண்டாவது, ‘அவர் வந்ததும் சொல்’. அவர் வாசல்படி ஏறியதும் எனக்குக் குரல் கொடுக்க வேண்டும். வென்னுக்கு ‘எப்போது’ என்று பொருள் வந்தால், வரப்போவதைச் சொல்ல வில் போடலாம். ‘வந்ததும்’ என்று பொருள் வந்தால், நடக்கப்போவது நாளைக்கே ஆனாலும் வில் போடக் கூடாது. தமிழில் எப்போது வருவார், வந்ததும் என்று சொல்லே வேறு வேறாக இருப்பதால் நமக்குக் குழப்பம் வருவதில்லை. அதையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘எப்போது’ வந்தால் வில் உண்டு, ‘ததும்’, ‘போது’ வந்தால் வில் இல்லை. வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு "கால் மி வென் யூ வில் ரீச்" என்று செய்தி அனுப்புகிறவர்கள் ஏராளம். ‘சேர்ந்ததும் கூப்பிடு’ என்பதுதானே பொருள்? அப்படியானால் "கால் மி வென் யூ ரீச்."

ஒருவர் கேட்டதை இன்னொருவரிடம் சொல்லும்போது மேலும் இரண்டு மாற்றம் வரும். விருந்தினர் போனில், "வேர் கேன் ஐ பார்க்?" என்று கேட்டார். அதை நீங்கள் உள்ளே இருக்கும் முதலாளியிடம் சொல்கிறீர்கள். தமிழில் ‘எங்கே நிறுத்தலாம்னு கேட்டார்’, முடிந்தது. ஆங்கிலத்தில் "ஹீ ஆஸ்க்ட் வேர் ஹீ குட் பார்க்." ஐ ஹீ ஆகிறது, கேன் குட் ஆகிறது. கேட்டது நடந்து முடிந்த காரியம் என்பதால் மோடலும் ஒரு படி பின்னால் போகிறது. வில் வுட் ஆகும், மே மைட் ஆகும். மஸ்ட்டுக்குப் பின்னால் போக இடமில்லை, அது மஸ்ட்டாகவே இருக்கலாம், அல்லது ‘ஹாட் டு’ என்று மாறலாம். வரிசையோ, உள்கேள்விக்குச் சொன்ன அதே நேர் வரிசைதான்.

ஹூ, வாட் இரண்டையும் இதுவரை தொடவில்லை. எங்கே, எப்போது, ஏன், எப்படி ஆகிய நான்கும் வேலையைச் செய்யும் ஆளாக இருக்க முடியாது. அதனால் அவற்றுக்குப் பின்னால் எப்போதும் ஓர் ஆள் தேவைப்பட்டது, அந்த ஆளோடு மோடலை இடம் மாற்றினோம். ‘யார் வரலாம்?’ என்பதில் யார் என்பதே ஆள். "ஹூ கேன் கம்?" மாற்றிக்கொள்ள இன்னொருவர் இல்லை, அதனால் உள்ளே போனாலும் அதே வரிசை: "ஐ டோன்ட் நோ ஹூ கேன் கம்." ஆனால் ‘நான் யாரைக் கேட்கலாம்?’ என்றால் நான் என்ற ஆள் தனியாக இருக்கிறார். அங்கே பழைய விதி திரும்ப வந்துவிடும்: "ஹூ கேன் ஐ ஆஸ்க்?" உள்ளே போனால் "டெல் மி ஹூ ஐ கேன் ஆஸ்க்."

கீழே சில தமிழ் வாக்கியங்கள். காரைக்குடி பேருந்து நிலையத்தில் நிற்கிற ஒருவர் வாயில் சாதாரணமாக வரக்கூடியவை. ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள். நாங்கள் எங்கே காத்திருக்கலாம்? நாங்கள் எங்கே காத்திருக்கலாம் என்று சொல்ல முடியுமா? பிள்ளையார்பட்டிக்கு எப்படிப் போறதுன்னு தெரியல. பஸ் எப்போது வரும் என்று கேள். பஸ் வந்ததும் கூப்பிடு. இந்த பஸ் ஏன் கிளம்பவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது.

முதலாவது நேர்க் கேள்வி, திருப்ப வேண்டும்: "வேர் கேன் வீ வெயிட்?" இரண்டாவதில் வெளியே மட்டும் திருப்ப வேண்டும்: "கேன் யூ டெல் அஸ் வேர் வீ கேன் வெயிட்?" மூன்றாவது ‘டு’ வழி: "ஐ டோன்ட் நோ ஹவ் டு கெட் டு பிள்ளையார்பட்டி." நான்காவதில் ‘எப்போது’ இருக்கிறது, வில் வரும், ஆனால் பஸ்ஸுக்குப் பின்னால்தான் வரும்: "ஆஸ்க் வென் த பஸ் வில் கம்." ஐந்தாவதில் ‘வந்ததும்’, வில் கிடையாது: "கால் மி வென் த பஸ் கம்ஸ்." ஆறாவதில் மோடலே இல்லை. கிளம்பவில்லை என்பது இதுவரை நடக்காததைப் பற்றியது, அதனால் ‘ஹாஸ்’ அந்த இடத்தில் வரும், அதுவும் மோடல் மாதிரியே நடந்துகொள்ளும்: "தே டோன்ட் நோ வொய் திஸ் பஸ் ஹாஸன்ட் லெஃப்ட்." ஓட்டுநரிடம் நேராகக் கேட்பதானால் மட்டும், "வொய் ஹாஸன்ட் திஸ் பஸ் லெஃப்ட்?"